கூலிக்காரன் காதுக்குக் கணக்கு இல்லையா?

சென்னைப் பட்டணத்தில் ரேடியோ நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. சூரியன் ஒன்று, ஹலோ ஒன்று, மிர்ச்சி ஒன்று, ரேடியோ சிட்டி ஒன்று, பிக் ஒன்று. இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தான்தான் "நம்பர் ஒன்" என்று மார் தட்டிக்கொள்ள வழி தேடுகிறது. ஒரே ஊரில் எத்தனை முதலாமவர் இருக்க முடியும்? ஓட்டப் பந்தயத்தில் ஓடிய அத்தனை பேரும் முதல் பரிசு வாங்கினார்கள் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

"பட்டணத்து ரேடியோக்காரன் சண்டை போட்டால் நமக்கென்ன? நமக்குக் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்பதல்லவா கவலை?" என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் இருக்கிறது. பட்டணத்தில் நிலையம் நடத்துகிற கம்பெனிகளில் சிலவேதான் திருச்சியிலும் எப்.எம். நிலையம் நடத்துகின்றன. யாருடைய காது எண்ணப்படுகிறதோ அவருக்காகத்தான் அவை பேசுகின்றன. எண்ணப்படாத காதுக்கு மிஞ்சுவது சிந்திய பாட்டும் சிதறிய விளம்பரமும்தான். தஞ்சைத் தரணியில் நாற்று நடுகிறவருடைய காது எந்தக் கணக்கில் வருகிறது? நெல் மில்லில் மூட்டை சுமக்கிறவருடைய காது எந்தக் கணக்கில் வருகிறது? இதுதான் விஷயம்.

விற்கப்படும் சரக்கு எது?

பஞ்சாலையில் நூல் சரக்கு. நெல் மில்லில் அரிசி சரக்கு. ரேடியோ நிலையத்தில் எது சரக்கு? பாட்டு என்று சொல்லத் தோன்றும். அது தவறு. பாட்டுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. காசு கொடுக்கிறவர் சோப்புக் கம்பெனிக்காரர், நகைக் கடைக்காரர், வீட்டு மனை விற்கிறவர். பத்து வினாடிக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுத்து, அவர்கள் நிலையத்திடமிருந்து வாங்குவது என்ன? நம்முடைய காதை! கேட்கிறவர்தான் சரக்கு. பாட்டு, மீன் பிடிக்கப் போடும் இரை.

சரக்கு என்றால் எடை போட வேண்டும். எடை போடத் தராசு வேண்டும். "எத்தனை பேர் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்" என்று போடப்படும் நேயர் கணக்குதான் அந்தத் தராசு. கணக்கு ஏறினால் பத்து வினாடியின் விலை ஏறும். கணக்கு இறங்கினால் அறிவிப்பாளருக்கு வேலை போகும், நிகழ்ச்சி நிறுத்தப்படும். ஆகவே அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது, எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

2007-ம் ஆண்டில் டாம் என்ற கம்பெனி, "ராம்" என்ற பெயரில் இந்தியாவில் ரேடியோ நேயர் கணக்கைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சில நூறு பேரிடம் ஒரு டைரியைக் கொடுப்பார்கள். எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டோம் என்று அவர்கள் குறித்துவைக்க வேண்டும். அந்தச் சில நூறு டைரிகளைக் கூட்டிப் பெருக்கி, லட்சக்கணக்கான ஜனங்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று முடிவு சொல்வார்கள். ஒரு சாதப் பதம் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் எந்தப் பானையில் பதம் பார்க்கிறாய் என்று கேட்க வேண்டுமல்லவா? டில்லி, பம்பாய், பெங்களூர், கல்கத்தா என்ற நாலு பட்டணத்துப் பானைகள்தான்! 2016-ல் டிராய் என்னும் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் இந்தப் பிரச்னையை ஆராய்ந்தபோதும் அந்த நாலோடுதான் அது நின்றிருந்தது. சென்னைக்கே அந்தத் தராசு வரவில்லை. திருத்துறைப்பூண்டிக்கு எங்கே வரப்போகிறது?

பொதுவான தராசு இல்லாத ஊரில் அவரவர் தம்முடைய தராசைத் தூக்கிக்கொள்வது சுலபம். ஒரு நிலையம் இருபது வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ளவர்களிடையே நாங்கள் முதல் என்று சொல்லலாம். இன்னொன்று, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை நாங்கள் முதல் என்று சொல்லலாம். வேறொன்று, காரில் போகிறவர்களிடையே நாங்கள் முதல் என்று சொல்லலாம். பூசணிக்காயைத் தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டி, "பார், என் பத்தைதான் பெரிசு!" என்று காட்டுகிற வித்தை இது.

நிலம் வைத்திருப்பவனுக்கு மதிப்பெண்!

இதைவிடப் பெரிய மூடுமந்திரம் ஒன்று உண்டு. தலையை எண்ணினால் போதாதாம்; எந்த மாதிரித் தலை என்றும் பார்க்க வேண்டுமாம்! விளம்பரக் கம்பெனிகள் நாட்டு ஜனங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கின்றன. முன்பு பட்டணங்களில் குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும் தொழிலையும் பார்த்து ஏ, பி, சி, டி, ஈ என்று பிரித்தார்கள். கிராமத்துக்கு வேறு அளவுகோல். அங்கே தொழிலுக்குப் பதில் வீட்டின் கட்டுமானத்தைப் பார்த்தார்கள். கல் வீட்டுக்காரர் மேலே, கீற்றுக் கொட்டகைக்காரர் கீழே.

2011-ல் இதை மாற்றினார்கள். இப்போது படிப்போடு, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கேட்கிறார்கள். பதினொரு பொருள்கள் கொண்ட பட்டியல் அது. மின்சார இணைப்பு, மின்விசிறி, காஸ் அடுப்பு, மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டர், கலர் டெலிவிஷன், ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் மிஷின், கம்ப்யூட்டர், கார், குளிர்சாதன மிஷின் என்று பத்து. பதினோராவது என்ன தெரியுமா? விவசாய நிலம்!

கவனியுங்கள் தோழர்களே! நிலத்தில் உழைக்கிறவருக்கு மதிப்பெண் இல்லை. நிலத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு மதிப்பெண். தஞ்சைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக நாற்று பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்துத் தூற்றி நெல்லை வீடு சேர்த்த குடும்பத்துக்கு இந்தப் பட்டியலில் அந்த ஒரு கோடு விழாது. அந்த நெல்லைப் பட்டணத்திலிருந்தே விற்றுச் சாப்பிடும் குடும்பத்துக்கு விழும்.

இது யாரோ வேண்டுமென்று நம்மை அவமதிக்கச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. அதைவிட மோசம். அது வியாபார நியாயம். வாங்குகிற சக்தி உள்ளவன்தான் அந்தக் கணக்குக்கு மனிதன். கையில் காசில்லாத காது, காது அல்ல. பத்துப் பேர் வரப்பில் உட்கார்ந்து ஒரு செல்போனில் பாட்டுக் கேட்டாலும், காரில் தனியாகப் போகிற ஒருவருடைய காதுதான் நகைக் கடைக்காரருக்குப் பெரிதாகத் தெரியும்.

பத்துக் கடை, ஒரே சரக்கு

"போட்டி இருந்தால் நல்லதுதானே? பல கடை இருந்தால் பல சரக்கு கிடைக்குமே?" என்று சில படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். பார்ப்போம்.

காற்றலை யாருக்குச் சொந்தம்? 1995 பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: அலைவரிசை பொதுச் சொத்து, பொது நலனுக்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும். அருமையான தீர்ப்பு. பிறகு சர்க்கார் செய்தது என்ன? பொதுச் சொத்தை ஏலம் போட்டது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் எப்.எம். வந்தது. 2005-ல் இரண்டாம் கட்டம். 2015-ல் நடந்த மூன்றாம் கட்ட ஏலத்தில் 56 நகரங்களில் 97 அலைவரிசைகள் சுமார் 1,157 கோடி ரூபாய்க்குப் போயின. டில்லியில் ஒரே ஓர் அலைவரிசை 169 கோடிக்குப் போயிற்று.

169 கோடி கொடுத்தவர் என்ன செய்வார்? போட்ட பணத்தை எடுக்க வேண்டும். வாங்கும் சக்தியுள்ள காதைத் தேடி ஓட வேண்டும். ஒரு நிலையம் ஓடினால் சரி. எல்லா நிலையமும் அதே காதைத் தேடி ஓடுகின்றன. ஆகவே எல்லோரும் அதே புதுப் படத்துப் பாட்டு, அதே நேரத்தில் அதே கிண்டல் பேச்சு, அதே போட்டி, அதே பரிசு. குமிழைத் திருகினால் நிலையத்தின் பெயர் மாறுகிறது, சத்தம் மாறுவதில்லை. பத்துக் கடை திறந்து ஒரே சரக்கை விற்பதற்குப் பெயர் போட்டியா?

கடைக்காரர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். மிர்ச்சி, டைம்ஸ் ஆப் இந்தியா குழுமத்தைச் சேர்ந்தது. சூரியன், சன் டெலிவிஷன் குழுமத்தைச் சேர்ந்தது. ஹலோ, தினத்தந்தி குழுமத்தைச் சேர்ந்தது. ரேடியோ சிட்டியை 2015-ல் வடநாட்டு ஜாக்ரண் பத்திரிகைக் குழுமம் வாங்கிற்று. பத்திரிகை வைத்திருப்பவரே டெலிவிஷன். டெலிவிஷன் வைத்திருப்பவரே ரேடியோ. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே முதலாளி!

இத்தனைக்கும் இந்த நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. 2011 கொள்கைப்படி அகில இந்திய ரேடியோவின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று 2023-ல் டிராய் சிபாரிசு செய்தது. பத்திரிகையில் எழுதலாம், டெலிவிஷனில் இருபத்து நாலு மணி நேரமும் கூச்சல் போடலாம், ஏழையின் ரேடியோவில் மட்டும் செய்தி சொல்லக்கூடாது என்பது என்ன நியாயம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 2011 கொள்கை சில விஷயங்களைச் செய்தி என்று கருதாமல் தாராளமாக அனுமதித்திருக்கிறது: தட்பவெப்பம், இயற்கை விபத்து எச்சரிக்கை, குடிதண்ணீர், மின்சாரம், வேலை வாய்ப்பு, பரீட்சை முடிவு, சுகாதார எச்சரிக்கை. புயல் வருகிறது என்று சொல்ல எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. எந்த ஊரில் என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்ல எவனும் தடுக்கவில்லை. தடுப்பது எது? கடைமடையில் கேட்பவருக்காகச் செலவிடும் ஒரு நிமிஷத்துக்கு விளம்பரக்காரர் விலை கொடுக்கமாட்டார் என்ற கணக்குத்தான் தடுக்கிறது.

கொழும்பு கற்பித்த பாடம்

அப்படியானால் சர்க்கார் ரேடியோ ஒன்றே போதும், அதுவே எல்லாம் நமக்குச் சொல்லித் தரும் என்று இருந்துவிடலாமா? அதுவும் சரியல்ல. சரித்திரம் வேறு பாடம் சொல்கிறது.

1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் டாக்டர் கேஸ்கர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அவர் காலத்தில் அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? மகஜர் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. குமிழைத் திருகினார்கள். கடலுக்கு அக்கரையில் கொழும்பு இருந்தது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் வைத்துவிட்டுப் போன பலமான கருவி ரேடியோ சிலோனுக்குக் கிடைத்திருந்தது. 1950-ல் அங்கே வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியிருந்தது. இந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் வீட்டுக்கு வீடு பழக்கமாயிற்று.

1952 டிசம்பரில் ஒரு பற்பசைக் கம்பெனியின் பணத்தில் பினாக்கா கீத்மாலா தொடங்கியது. முதல் நிகழ்ச்சிக்கு ஒன்பதாயிரம் கடிதம் வந்தது என்றும், பிற்பாடு வாரத்துக்கு அறுபத்தையாயிரம் வரை ஏறிற்று என்றும் சயானி சொல்லியிருக்கிறார். அதுவும் ஒரு நேயர் கணக்குத்தான்; ஜனங்கள் தங்கள் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்த கணக்கு! டில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ந் தேதி விவித பாரதி பிறந்தது. பத்து வருஷம் கழித்து, 1967-ல், பம்பாயில் தொடங்கி அதிலும் விளம்பரம் நுழைந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று: ஜனங்கள் விரும்புவதை மேலிருந்து உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. நாள் முழுதும் குனிந்து நட்டுவிட்டு இடுப்பு ஒடிய வருகிறவளுக்கு ஒரு பாட்டு வேண்டும். அதைத் தப்பு என்று சொல்ல எந்த மந்திரிக்கும் உரிமையில்லை. நமக்கும் இல்லை. இரண்டு: சர்க்கார் வேண்டாம் என்று தள்ளிய காதைப் பற்பசைக் கம்பெனி அள்ளிக்கொண்டது. ஜனங்களின் குரலுக்குப் பொது ரேடியோ இடம் கொடாவிட்டால், அந்த இடத்தில் வியாபாரி வந்து உட்காருவான்.

ரேடியோ நெல்லும் களத்துக் கூலியும்

பொது ரேடியோ ஜனங்களோடு பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி தேடி வேறெங்கும் போக வேண்டாம். நம் தஞ்சை மண்ணே சாட்சி.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டினால்தான் ரேடியோப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். பஞ்சாயத்து ரேடியோ லைசென்ஸ் கணக்கில் ஒரு பெட்டி. அதைச் சுற்றி உட்கார்ந்த ஊர் எந்தக் கணக்கிலும் இல்லை. இருந்தாலும் திருச்சி நிலையம் அந்த ஊரோடு பேசிற்று. 1960-களின் நடுவில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் ஜப்பான் நாட்டு நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து ஏ.டி.டி. 27 என்ற புது ரகத்தை உண்டாக்கினார்கள். குறுவைக்கு ஏற்ற குறுகிய காலப் பயிர். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி அந்த விதையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஜில்லா முழுவதும் பரப்பிற்று. ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே "ரேடியோ நெல்"! ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயர் வைத்த ஊர் நம் ஊர். பத்து வினாடி விளம்பரத்தால் அந்தப் பெயர் வரவில்லை. சேற்றில் நிற்கிறவருக்குத் தேவையானதை அவர் பாஷையில் சொன்னதால் வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. விதையின் பெயர் காற்றில் வந்தது; விளைச்சலின் பங்கு களத்து மேட்டில் தீர்மானமாயிற்று. மூட்டை கூடிற்று, கூலி கூடவில்லை. கூடக் கொஞ்சம் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளிக்கு என்ன பதில் கிடைத்தது? 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் நெருப்பில் வெந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகுதான், 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

விதையைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது. விளைந்ததில் பங்கு யாருக்கு என்பதையும் பேச வேண்டும். நிலமுள்ளவர் மட்டுமல்ல, நிலமில்லாதவரும் விவசாயி என்ற எண்ணம் ஒலிபரப்பில் வர வேண்டும். பொது ரேடியோவிடம் நமக்கு இருக்கும் வழக்கு இதுதான். அதை மூடச் சொல்லும் வழக்கு அல்ல, வாயைத் திறக்கச் சொல்லும் வழக்கு.

இன்றைக்கும் நம் தேவைகளை எண்ணிப் பாருங்கள். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி? ஜூன் 12-ந் தேதி திறப்பார்களா? கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் பிரிக்கிறார்கள்? முறை வைத்து விடுகிறார்களா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போனால் நெல்லைத் தள்ளுகிறார்கள். மழைக் காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்களா? விவசாயத் தொழிலாளிக்கும் நெல் மில் தொழிலாளிக்கும் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகக் காத்திருக்கும் காதுகள் ஆயிரமாயிரம்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. பல ஊர்களில் நாள் கணக்காக இருட்டு. அப்படிப்பட்ட இரவில் இரண்டு பாட்டரிக் கட்டையில் பேசக்கூடிய ஒரே சாதனம் ரேடியோ. அந்த இரவின் தேவை எந்த டைரியில் பதிவாகும்?

எண்ணாதவர் எண்ணிக்கை கேட்டபோது

"கணக்கில் வராதவர்கள் ஏழைகள், அதற்கு என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே இதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. ஆர்பிட்ரான் என்ற கம்பெனி டைரியை விட்டுவிட்டு, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு மின்கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த நிலையம் ஒலித்தாலும் அந்தக் கருவி தானே குறித்துக்கொள்ளும். விஞ்ஞானம் முன்னேறிற்று. ஆனால் புதுக் கணக்கில் நீக்ரோ மக்களும் ஸ்பானிஷ் பேசும் மக்களும் கேட்கும் நிலையங்களின் எண்ணிக்கை சரிந்தது. அந்த மக்களிடையே கருவி கொடுத்த ஆட்கள் போதாது என்று புகார் எழுந்தது. 2008 அக்டோபரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 2009 ஜனவரியில் கம்பெனி இறங்கி வந்து, முறையைத் திருத்த ஒப்புக்கொண்டது. கருவி புதிது என்பதால் தராசு நேராகிவிடாது. பிடிக்கிற கையைக் கவனிக்க ஆள் வேண்டும்.

பிரிட்டனில் 1992-லிருந்து பொது நிறுவனமான பி.பி.சி.யும் தனியார் நிலையங்களும் கூட்டாக ஒரே நேயர் கணக்கை நடத்துகின்றன. முதலாளித்துவ நாட்டில் அது முடிகிறதென்றால், அலைவரிசை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன நம் நாட்டில் ஏன் முடியாது?

தொழிற்சங்கத்துக்குக் கதவடைப்பு

நம் குரலுக்கு வேறு வழி இல்லையா? சமுதாய வானொலி என்று ஒன்று உண்டு. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் வந்தது. 2006-ல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் வழி திறந்தார்கள். நாகைக் கடற்கரையில் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமூக வானொலி நடத்திக் காட்டினார்கள். மீனவரும் கூலிக்காரரும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேச முடியும் என்பது ருசுவாயிற்று.

ஆனால் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். யார் யாருக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஒரு பட்டியல். அரசியல் கட்சிகளுக்கு இல்லை. அவற்றோடு சேர்ந்த மாணவர், மாதர் அமைப்புகளுக்கு இல்லை. அவற்றோடு சேர்ந்த தொழிற்சங்கங்களுக்கும் இல்லை! கிடைத்தவர்களுக்கும் சிறு கருவி, சிறு வட்டாரம் தாண்டாத குரல். கோடி வைத்திருப்பவன் ஏலத்தில் எடுத்து ஊர் ஊராக நிலையம் வைக்கலாம். சந்தா கட்டி வளர்ந்த சங்கம், கட்சியோடு சேர்ந்தது என்றால், ஒரு வட்டாரத்தில்கூடப் பேசக்கூடாது. பொதுச் சொத்தின் லட்சணம் இது!

இன்னொரு சூழ்ச்சியும் நடக்கிறது. செல்போனில் ரேடியோக் கருவி இருந்தால் காசில்லாமல் கேட்கலாம். புதிதாக வருகிற போன்கள் பலவற்றில் அதை வைப்பதில்லை, அல்லது வைத்தும் அடைத்துவிடுகிறார்கள். 2023-ல் மத்திய சர்க்காரே, எப்.எம். வசதியை அடைக்க வேண்டாம் என்று போன் கம்பெனிகளுக்கு யோசனை கூறியது. யோசனைதான், உத்தரவல்ல. காற்றில் இனாமாக வருவதை, டேட்டாவுக்குப் பணம் கட்டிக் கேள் என்கிறார்கள். கூலியில் அதற்கும் ஒரு பங்கு!

நாம் கேட்பது என்ன?

ஒன்று: நேயர் கணக்கை விளம்பரக்காரர் கையில் விடக்கூடாது. பொது அமைப்பு ஒன்று எடுக்க வேண்டும். பட்டணமும் கிராமமும், நிலமுள்ளவரும் இல்லாதவரும், ஆணும் பெண்ணும் அதில் வர வேண்டும். முடிவை முழுக்க வெளியிட வேண்டும்.

இரண்டு: பொது அலைவரிசையில் லாபம் எடுக்கும் ஒவ்வொரு தனியார் நிலையமும் காலையிலும் மாலையிலும், ஜனங்கள் விழித்திருக்கும் நேரத்தில், ஆற்று நீர், கொள்முதல், கூலி விகிதம், புயல் எச்சரிக்கை ஆகியவற்றுக்குக் கட்டாயமாக நேரம் ஒதுக்க வேண்டும். லைசென்ஸ் நிபந்தனையில் இது ஏற வேண்டும்.

மூன்று: திருச்சி, காரைக்கால் பொது வானொலி நிலையங்களைச் சிக்கனம் என்ற பெயரில் மெலியவிடக்கூடாது. பண்ணை நிகழ்ச்சியில் விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் தனி நேரம் வேண்டும்.

நான்கு: சமுதாய வானொலியில் தொழிற்சங்கங்களுக்குப் போட்ட பூட்டைத் திறக்க வேண்டும். எல்லா நிலையங்களுக்கும் பொறுப்போடு செய்தி சொல்லும் உரிமை வேண்டும்.

ஐந்து: விற்கப்படும் ஒவ்வொரு செல்போனிலும் ரேடியோ கேட்கும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா? கூலிக்குப் போராடவே நேரம் போதவில்லை" என்று அலுத்துக்கொள்ளும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிர்ணயித்த கூலி எவ்வளவு என்று தெரியாதவரிடம்தான் மிராசுதார் குறைத்துக் கொடுக்கிறார். தெரிந்துகொள்வதும் கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அவர்கள் டைரி கொடுத்துக் கணக்கெடுக்கிறார்கள் அல்லவா? நாமும் எடுப்போம்! ஒவ்வொரு சங்கக் கிளையிலும் நாலணாக் குயர் நோட்டுப் போல ஒரு சாதாரண நோட்டுப் போதும். ஒரு வாரம். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர் குறிக்கட்டும். எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் பாட்டு, எத்தனை நிமிஷம் விளம்பரம், நம் தண்ணீரையும் நெல்லையும் கூலியையும் பற்றி எத்தனை நிமிஷம்? கூடக் கேட்டவர்கள் எத்தனை பேர்? டீக்கடையில் கேட்டவர், நடவு வயலில் கேட்டவர், மில் வாசலில் கேட்டவர் அத்தனை பேரையும் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் நமக்கு வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டு வையுங்கள். திருச்சி நிலையத்துக்கு ஒரு பிரதி, தனியார் நிலையங்களுக்கு ஒரு பிரதி, எம்.பி.க்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஒரு கிளையின் நோட்டைக் குப்பையில் போடுவார்கள். நூறு கிளைகளின் நோட்டுகளைப் போட அவர்களிடம் குப்பைத் தொட்டி போதாது. கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது டில்லியை இறங்கி வரவைத்தவர்கள் குமிழைத் திருகிய சாதாரண ஜனங்கள்தான். அன்று அவர்கள் தனித்தனியாகத் திருகினார்கள். இன்று நாம் ஒன்றாகக் கேட்போம்.